தாஷ்கண்ட் மச்சானும் அல்மாட்டி மச்சானும்

1

இருபது வருடமாக எழுதிவருகிறேன். இவ்வளவு காலத்தில் என் வசனம் ஒன்றையாவது எவராவது எங்கேயாவது மேற்கோள் காட்டியதாக எனக்குத் தகவல் இல்லை. மனைவி கௌரிகூடக் காட்டியதில்லை. சண்டைகளில்கூட அவள் சொந்தமாகத் தயாரித்த வசனங்களைத்தான் பாவிக்கிறாள். அந்தக் குறை போன வருடம் தீர்ந்தது. அவுஸ்திரேலிய அரசாங்க அதிகாரி ஒருவர், பல பக்கங்கள் கொண்ட முடிவு ஒன்றில், என் நீண்ட பெயரை ஒரு எழுத்துப் பிசகாமல் போட்டு, என் வசனத்தை மேற்கோள் குறிகளுக்குள் வைத்திருந்தார். ‘அவர்கள் இருவரும் கஸின்ஸ்’ என்பதே அந்த வசனம்.

அது பொய். அந்தப் பொய்யையும் ஒரு காரணமாக வைத்து, பக்தியார் என்ற மனிதனை உஸ்பெகிஸ்தானுக்குத் திருப்பி அனுப்பலாம் என்று முடிவாகியிருந்தது. ஆணோடு ஆண் உறவு கொள்வது அங்கே குற்றம். மூன்று வருடம் வரை உள்ளே போடலாம்.

நடந்ததைச் சொல்கிறேன். சிட்னியில், பெண்டில் ஹில் பலசரக்குக் கடையில் வரிசையில் நிற்கிறேன். கையில் முருங்கைக்காய்க் கட்டு. போன் அடிக்கிறது. குடிவரவுத் திணைக்களத்திலிருந்து ஒரு பெண்குரல். பக்தியார் தன் அகதி விண்ணப்பத்தில் என்னைச் சாட்சியாகக் கொடுத்திருக்கிறானாம், இரண்டொரு கேள்வி கேட்கலாமா என்கிறது. கேளுங்கள் என்கிறேன். பக்தியாரோடு ஒரே வீட்டில் இருக்கும் எர்லான் என்பவருக்கும் அவருக்கும் என்ன உறவு?

எனக்குப் பதில் தெரியும். என் வீட்டுக் குசினிக் கதிரையில் இருந்துதான் பக்தியார் அதை எங்களுக்குச் சொன்னான். “தம்பி, என்ர பெயரைத் தாராளமாக் குடும், எவன் கேட்டாலும் நான் சொல்லுவன்” என்று தமிழில் வீரம் பேசி, பிறகு அதை ஆங்கிலத்துக்கும் மாற்றிக் கொடுத்தவன் நான்.

ஆனால் வரிசையில் எனக்குப் பின்னால் எங்கள் வீதி மங்கை அன்ரி நிற்கிறா. கூடையில் பாகற்காய். முகத்தில் ஒன்றும் கேட்காத பாவனை.

“கஸின்ஸ்” என்றேன்.

குரல் நன்றி சொல்லி வைத்துவிட்டது. மங்கை அன்ரி, “ஆர் தம்பி போனில?” என்றா. “பாங்கில இருந்து அன்ரி” என்றேன். ஒரு நிமிடத்தில் இரண்டு பொய். முதலாவதன் விலை எனக்கு அப்போது தெரியாது. முருங்கைக்காயின் விலையை மட்டும் பார்த்துக் கோபப்பட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

2

சொந்தக்காரர் ஆக்கும் திருப்பணியை நான் அன்றைக்குத் தொடங்கவில்லை. அதற்கு முன்கதை உண்டு.

கிரவீனில் எங்கள் வீட்டுப் பின்வளவில் ஒரு சின்ன வீடு இருக்கிறது. மகள் தாரிணி கலியாணம் கட்டினால் அதில் இருப்பாள் என்று கட்டினோம். அவள் நியூடவுனில் தனியாக ஒரு பிளாட் எடுத்துக்கொண்டு போனாள். வீடு சும்மா கிடந்தது. பக்தியார் வாடகைக்கு வந்தான். தாஷ்கண்டில் பல் கட்டும் தொழில் பழகியவன்; இங்கே படிப்பதற்கு வந்து, பரமட்டாவில் ஒரு பல் ஆய்வுகூடத்தில் வேலை. பிறகு கசக்ஸ்தான்காரன் எர்லான் வந்து சேர்ந்தான். அவனுக்கு ரொட்டி சுடும் வெதுப்பகத்தில் இரவு வேலை.

பக்தியார் என்னை முதல் நாளே ‘ஷிவா அகா’ என்று கூப்பிட்டான். அகா என்றால் அவர்களுடைய மொழியில் அண்ணன். அவர்களும் எங்களைப்போலத்தான், கண்டவனையெல்லாம் அண்ணன் தம்பி ஆக்காமல் கதை தொடங்காத சனம். அது எனக்குப் பிடித்துப்போயிற்று.

மங்கை அன்ரிக்கு மட்டும் நித்திரை வரவில்லை. அவவின் வீடு எங்களுக்கு இரண்டு வீடு தள்ளி.

“தம்பி, உங்கட பின்வீட்டுப் பெடியள் ரெண்டு பேரும் ஆர்? ரஷ்யாக்காரரோ?”

“இல்லை அன்ரி. ஒராள் உஸ்பெகிஸ்தான். மற்றாள் கசக்ஸ்தான்.”

“வேற வேற நாடோ? அப்ப ஏன் ஒண்டா இருக்கினம்?”

இந்தக் கேள்விக்கு ‘உங்களுக்கு என்ன?’ என்பது சரியான பதில். இந்த நாட்டில் இருபத்தைந்து வருடத்துக்கு மேல் இருந்தும் அந்தப் பதிலைச் சொல்ல எனக்கு நாக்கு வளையவில்லை. ஒரு வீட்டில் இரண்டு பேர் இருந்தால் அவர்களுக்குள் ஒரு உறவுமுறை இருந்தாக வேண்டும். இல்லாவிட்டால் எங்கள் ஆட்கள் சும்மா விடமாட்டார்கள்.

“மச்சான்மார் அன்ரி.”

“தாய்வழியோ தேப்பன்வழியோ?”

இந்த இடத்திலாவது நான் நிறுத்தியிருக்கலாம். நிறுத்தாமல், தாஷ்கண்டிலிருந்து அல்மாட்டிக்கு வாழ்க்கைப்பட்டுப் போன ஒரு மாமியை அந்த இடத்திலேயே பெற்று, வளர்த்து, ரயிலேற்றி அனுப்பினேன். எர்லான் அந்த மாமியின் மகன். அன்ரி திருப்தியாகத் தலையாட்டினா. “அப்ப ஒராள்ட தங்கச்சியை மற்றாளுக்குச் செய்யலாமே” என்றா. சரஸ்வதி பூசைக்கு இரண்டு மச்சான்மாருக்கும் வடையும் சுண்டலும் தனித்தனிப் பெட்டியில் வந்தது.

பக்தியாரிடம் இதைப் பெருமையாகச் சொன்னேன். அவன் சிரிக்கவில்லை. “அகா, எங்கள் ஊரிலும் நாங்கள் கஸின்ஸ் என்றுதான் சொல்லியிருப்போம்” என்றான். அதை நான் பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன்.

அவன் ஏன் திரும்பிப் போக முடியாது என்பதும் அன்றைக்குத்தான் முழுக்கத் தெரிந்தது. அவனுடைய சிநேகிதன் ஒருவன் தாஷ்கண்டில், போனில் பழக்கமான யாரையோ சந்திக்கப் போயிருக்கிறான். கதவைத் திறந்தால் உள்ளே பொலிஸ். வழக்குப் போடவில்லை. வழக்குப் போடாமலிருக்கக் காசு வாங்குவதற்குத்தான் அந்தச் சட்டம் அங்கே அதிகம் பயன்படுகிறது என்றான் பக்தியார். போனைப் பறித்து, உள்ளே இருந்த பெயர்களை ஒவ்வொன்றாகப் பார்த்து, ஒவ்வொரு வீட்டுக்கும் போயிருக்கிறார்கள். பக்தியார் அப்போது இங்கே; அவனுடைய வீட்டுக்கும் போனார்கள். தகப்பன் கதவைத் திறந்தார். அதற்குப் பிறகு தகப்பன் அவனோடு பேசவில்லை. தமையன் மட்டும் ஒருமுறை பேசினான். வந்தால் பொலிஸ் வருவதற்கு முன்னால் நாங்களே பார்த்துக்கொள்வோம் என்று சொல்வதற்காக.

நான் புத்தகம் படிக்கிறவன் என்ற திமிரில் கொஞ்சம் தேடிப் பார்த்தேன். சோவியத் காலத்தில் அந்தப் பக்கத்து ஐந்து குடியரசுக்கும் ஒரே சட்டம். ஒன்றியம் உடைந்த பிறகு பாகம் பிரித்தார்கள். கசக்ஸ்தான், கிர்கிஸ்தான், தஜிகிஸ்தான் மூன்றும் அதைத் தூக்கிக் குப்பையில் போட்டன. உஸ்பெகிஸ்தானும் துர்க்மெனிஸ்தானும் பத்திரமாக வைத்துக்கொண்டன. லெனின் சிலையைக்கூட இறக்கிவிட்டார்கள், இதை இறக்கவில்லை. ஆகவே என் பின்வீட்டுக் கட்டிலின் ஒரு பக்கம் குற்றம், மற்றப் பக்கம் குற்றமில்லை. எர்லானைக் கேட்டால், “சட்டத்தில் நான் சுதந்திர மனிதன் அகா. என் மாமாக்கள் சட்டம் படிப்பதில்லை, அவ்வளவுதான்” என்கிறான்.

3

முடிவு வந்த அன்று பக்தியார் அதைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தான். கோபமாகப் பேசவில்லை. பேசியிருந்தால் நல்லது.

அதிகாரியின் காரணங்கள் பல. விண்ணப்பகாரருக்கு ஓக்ஸ்போர்ட் வீதியில் தன்பாலினத்தார் கூடும் கேளிக்கை விடுதிகளின் பெயர் தெரியவில்லை. அவர்களுடைய மார்டி கிரா ஊர்வலத்துக்கு ஒருமுறையும் போகவில்லை. குடும்பங்கள் வாழும் அமைதியான புறநகரில் அமைதியாக வாழ்கிறார். ஆகவே இவர் தன்பாலின ஈர்ப்புள்ளவர் என்பதில் திருப்தி இல்லை. அந்தக் கணக்கில் பார்த்தால் நானும் இங்கே ஒரு கேளிக்கை விடுதிக்கும் போனதில்லை. எனக்கும் பெண்களில் ஈர்ப்பு உண்டு என்பதற்குத் திணைக்களத்திடம் கொடுக்க ஒரு ஆதாரமும் இல்லை, தாரிணியைத் தவிர.

கடைசிக் காரணம் நான். இருவரையும் நன்கு அறிந்த வீட்டுச் சொந்தக்காரர், தானாக முன்வந்து...

கௌரி வாசித்தாள். கண்ணாடியைக் கழற்றினாள்.

“உங்களுக்கு விசரே? அந்தப் பொம்பிளை பின்னால நிண்டா வெளியில வந்து கதைக்கிறதுக்கென்ன?”

“வரிசை போயிடும் எண்டு நினைச்சன்.”

“ஒரு மனுசன்ர உயிர் போகப் பார்த்துது. உங்களுக்கு வரிசை.”

தாரிணி சனிக்கிழமை வந்தாள். ஆங்கிலத்தில் திட்டினாள், அவளுக்குத் தமிழில் திட்ட வராது, அது நாங்கள் விட்ட பிழை. திணைக்களத்துக்குப் பொய் சொல்வது குற்றம் என்று தெரியுமா என்றாள். தெரியும் என்றேன். பிறகு குரலை இறக்கி, “நான் ஒருத்தரைக் கூட்டிக்கொண்டு வந்தாலும் அப்பா, கஸின் ஆக்கிவிடுவீர்களா?” என்றாள். யாரை என்று நான் கேட்டிருக்க வேண்டும். தேத்தண்ணி போடட்டோ என்று கேட்டேன்.

எனக்கு எரிச்சல் வேறு காரணத்துக்கு. நம்பாமல் விடுகிற இந்த வித்தையை நான் முதல்முறை பார்க்கவில்லை. தொண்ணூறுகளில் என்னையும் ஒரு மேசைக்கு முன்னால் இருத்தி, யாழ்ப்பாணத்தான் என்றால் நிரூபி என்றார்கள். பஸ் நிலையத்திலிருந்து ஆஸ்பத்திரி எந்தப் பக்கம் என்று கேட்டார்கள். அதுக்கு ஏன் பக்கம், கூப்பிடு தூரம்தானே என்றேன். தெளிவற்ற பதில் என்று எழுதினார்கள். ஷெல்லடிக்குப் பயந்து ஓடியவன் திசைகாட்டியோடு ஓடியிருக்க வேண்டும் என்பது அவர்கள் எதிர்பார்ப்பு. அந்த அவமானத்தை வைத்து நான் எத்தனை கட்டுரை எழுதியிருக்கிறேன்! அதே மேசைக்கு முன்னால் இன்னொருவன் இருந்தபோது, அவனை நம்பாமல் விடுவதற்கு வேண்டிய ஒரு வார்த்தையை முருங்கைக்காயும் கையுமாக நின்று எடுத்துக் கொடுத்தவனும் நானே.

மீளாய்வு மன்றுக்கு மேன்முறையீடு போட்டார்கள். போனில் வந்து சாட்சி சொல்லலாம் என்றார் பக்தியாரின் வழக்கறிஞர். வேண்டாம், போனில் எனக்கு ராசியில்லை, நேரில் வருகிறேன் என்றேன்.

4

விசாரணைக்கு நானும் பக்தியாரும் ரயிலில் போனோம். எர்லான் வேலை முடிந்து நேரே அங்கே வருவதாக ஏற்பாடு. பக்தியார் ஜன்னலோரம் இருந்து இரண்டு கைகளையும் தொடைகளுக்குக் கீழே வைத்திருந்தான்.

மொழிபெயர்ப்பாளரைப் பற்றித்தான் அவனுக்குப் பயம். சிட்னியில் உஸ்பெக் சனம் கொஞ்சம். மொழிபெயர்க்க வருபவர் தாஷ்கண்டில் யாருக்கோ மருமகனாக இருப்பார், கதை நாளைக்கே அங்கே போய்ச்சேரும். ஆகவே தாய்மொழியே வேண்டாம், ரஷ்ய மொழியில், வேறு மாநிலத்திலிருந்து, முகம் தெரியாத ஒருவர் போனில் மொழிபெயர்க்கட்டும் என்று கேட்டிருந்தான். தன் வாழ்க்கையின் முக்கியமான கதையைத் தாய்மொழியில் சொல்ல ஒரு மனிதன் பயப்படுகிறான். எனக்கு இது விளங்காமலிருக்க வழியில்லை. மங்கை அன்ரியை எனக்குத் தெரியும்.

அவனைத் தேற்றுவதாக நினைத்து, பரமட்டா தாண்டியதும் உஸ்பெகிஸ்தான் சட்டத்தைப் பிடித்துத் திட்டத் தொடங்கினேன். காட்டுமிராண்டித்தனம் என்றேன். இந்தக் காலத்தில் எந்த நாடு இப்படி ஒரு சட்டம் வைத்திருக்கும் என்றேன். குரல் உயர்ந்து, எதிரில் இருந்த பெண்மணி காதில் பாட்டுக் கருவியை மாட்டிக்கொண்டார்.

“உங்கள் நாட்டில் எப்படி அகா?” என்றான். வாதாட அல்ல, உண்மையாகவே தெரியாமல் கேட்டான்.

எனக்கும் தெரியவில்லை.

போனில் பார்த்தேன். இருக்கிறது. வெள்ளைக்காரன் எழுதி வைத்துவிட்டுப் போனது இன்னும் தண்டனைச் சட்டக்கோவையில் அப்படியே இருக்கிறது. நடுவில் ஒரு திருத்தம் வந்திருந்தது. நல்ல செய்தியாக்கும் என்று நினைத்து வாசித்தேன். ஆண்களுக்கு மட்டும் இருந்ததில் பெண்களையும் சேர்த்திருந்தார்கள். கடல் தாண்டி அந்தப் பக்கம் இந்தியாவில் உச்ச நீதிமன்றம் இதைத் தள்ளிவிட்டது. இந்தப் பக்கம் நாங்கள் வைத்திருக்கிறோம். அந்தச் சட்டப் புத்தகத்தை நான் இருபது வருடமாகத் திட்டி எழுதுகிறேன். எனக்கு எதிரான பக்கங்களை மட்டும்தான் வாசித்திருக்கிறேன் என்பது அன்றைக்கு, ரெட்பேர்ன் நிலையத்துக்குக் கொஞ்சம் முன்னால் தெரிந்தது.

“எங்கடையிலும் இருக்கு” என்றேன். “உங்கடையைவிட விசாலமானது.”

அன்றைக்கு முதல்முறையாகப் பக்தியார் சிரித்தான். கையை வெளியே எடுத்து என் முழங்காலில் தட்டினான். “அப்போ நாங்கள் உண்மையாகவே சொந்தக்காரர்” என்றான்.

5

மன்றின் உறுப்பினர் ஒரு நடுத்தர வயதுப் பெண்மணி. அமைதியானவர். அமைதியானவர்களிடம் பொய் சொல்வதும் கடினம், உண்மை சொல்வது அதைவிடக் கடினம். பக்தியாரும் எர்லானும் தனித்தனியே சொல்லி முடியும்வரை என்னை வெளியே இருத்தியிருந்தார்கள். பிறகு கூப்பிட்டார்கள்.

“இருவரும் கஸின்ஸ் என்று அதிகாரியிடம் சொன்னீர்களா?”

“சொன்னேன்.”

“அது உண்மையா?”

“இல்லை.”

“உண்மை அப்போது உங்களுக்குத் தெரிந்திருந்ததா?”

“தெரிந்திருந்தது.”

“அப்படியானால் ஏன்?”

“கடையில் எனக்குப் பின்னால் ஒரு பெண்மணி நின்றா.”

உறுப்பினர் பேனாவைக் கீழே வைத்தார். “அவர் உங்களை மிரட்டினாரா?”

“இல்லை. பாகற்காய் வாங்கிக்கொண்டு நின்றா.”

“ஏதாவது கேட்டாரா?”

“ஒன்றும் கேட்கவில்லை. அதுதான் பிரச்சினை.”

வழக்கறிஞர் மேசையைப் பார்த்தார். நான் விளக்கத் தொடங்கினேன். எங்கள் சமூகத்தில் உறவுமுறையின் இடம், மச்சான் என்பவன் யார், தாய்மாமன் மகனுக்கும் சித்தப்பா மகனுக்கும் உள்ள வேறுபாடு, முறை தெரியாத இருவரை ஒரு கூரையின் கீழ் எங்கள் மனம் ஏன் தாங்காது, எல்லாம். ஒரு கட்டத்தில் உறுப்பினரின் கடதாசியில் வரைந்து காட்ட அனுமதி கேட்டேன். தேவையில்லை என்றார்.

“இருவரும் இணையர் என்று நீங்கள் நம்புவதற்கு, அவர்கள் சொன்னதைத் தவிர, நீங்களே கண்டது ஏதாவது உண்டா?”

இதற்கு நான் ஒன்றும் தயார் செய்யவில்லை. மானிடவியல் தீர்ந்துபோயிருந்தது.

“காலையில் எர்லான் வேலை முடிந்து வருவான். அந்த நேரம் பக்தியார் வேலைக்குப் புறப்படுவான். வீதியில் சந்திக்கிற நேரம் கொஞ்சம்தான். பக்தியார் தேத்தண்ணிக் கோப்பையோடு கேற்றடியில் நிற்பான். மழையிலும் நிற்பான். கோப்பையைக் கொடுப்பான். எர்லான் பக்தியாரின் கோட்டில் ஒட்டியிருக்கிற தூசியைத் தட்டிவிடுவான். ஒன்றும் பேசமாட்டார்கள். பிறகு இவன் போவான், அவன் உள்ளே வருவான். என் குசினி யன்னலில் தெரியும்.” கொஞ்சம் யோசித்தேன். “நான் என் மனைவிக்கு இப்படி ஒருநாளும் நின்றதில்லை. அதனால்தான் எனக்கு அது கண்ணில் பட்டது.”

“நன்றி” என்றார் உறுப்பினர். பேனாவை எடுத்தாரா என்று நான் கவனிக்கவில்லை.

வெளியே வந்தால் பக்தியாரும் எர்லானும் இரண்டு கதிரை இடைவெளி விட்டு இருந்தார்கள். அரசாங்கக் கட்டடத்தில்கூட அவர்களுக்குப் பக்கத்தில் பக்கத்தில் இருக்கப் பழக்கமில்லை. நான் நடுவில் போய் இருக்கப் போனேன். பிறகு யோசித்துவிட்டு மற்றப் பக்கம் இருந்தேன்.

6

முடிவுக்குக் காத்திருந்த மாதங்களைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. பக்தியார் மெலிந்தான். போன் அடித்தால் எல்லாரும் எழும்பினோம். மங்கை அன்ரி, தாஷ்கண்ட் மச்சானுக்கு என்ன வருத்தம் என்று விசாரித்தா. “அவர் மச்சான் இல்லை அன்ரி. அவையள் ரெண்டு பேரும் சோடி. நான்தான் உங்களுக்குப் பொய் சொன்னனான்” என்றேன். “அப்ப அல்மாட்டியில மாமி?” என்றா. “மாமியும் இல்லை.” அவவுக்கு அந்த மாமி இல்லாமற்போனதுதான் கூடுதல் கவலை என்று தோன்றியது. சுண்டல் அதற்குப் பிறகு ஒரே பெட்டியில் வந்தது. அது சம்மதமா கோபமா என்று இன்னும் எனக்குத் தெரியாது.

கடைசியில் முடிவு வந்தது. வென்றுவிட்டோம். பக்தியார் திரும்பிப் போனால் துன்புறுத்தப்படுவான் என்ற பயத்துக்கு ஆதாரம் உண்டு, மறைந்து வாழ் என்று ஒருவனிடம் சொல்லவும் முடியாது, பாதுகாப்புக் கொடுக்க வேண்டும் என்று எழுதி, வழக்குக் கோவையைத் திணைக்களத்துக்கே திருப்பி அனுப்பியிருந்தார்கள். பக்தியார் குசினி நிலத்தில் இருந்து அழுதான். கௌரி பக்கத்தில் இருந்து அவனுடைய முதுகைத் தடவினாள். நான் ரகசியமாக என் பெயர் வரும் இடத்தைத் தேடினேன்.

இருந்தது. வீட்டுச் சொந்தக்காரரின் சாட்சியம் நல்லெண்ணத்தோடு சொல்லப்பட்டது, நீளமானது, அதற்குக் குறைந்த அளவு மதிப்பே கொடுக்கப்படுகிறது. உறுப்பினரை நம்பவைத்தது வேறொன்று. கடைசியாக எதற்குச் சண்டை பிடித்தீர்கள் என்று இருவரையும் தனித்தனியே கேட்டிருக்கிறார். சோற்றில் உலர்ந்த திராட்சை போடலாமா கூடாதா என்று இருவரும் ஒரே சண்டையைச் சொல்லி, ஒவ்வொருவனும் தன் பக்கமே நியாயம் என்று, உறுப்பினர் நிறுத்தச் சொல்லும்வரை நிறுத்தவில்லையாம். இப்படிப்பட்ட கோபத்தை ஒத்திகை பார்த்துக் கொண்டுவர முடியாது என்று எழுதியிருந்தார்.

அடுத்த ஞாயிறு இருவரும் முன்வாசல் வழியாக வந்தார்கள். வழக்கமாகப் பின்வாசலால் வருகிறவர்கள். மெல்பேர்னுக்குப் போகிறார்களாம். பொயிண்ட் குக்கில் வீடு பார்த்தாயிற்று. எர்லானுக்கு அங்கே பகல் வேலை கிடைத்திருக்கிறது. அந்தப் பக்கமும் எங்கட ஆட்கள் நிறைய இருக்கினம், நான் ஒரு போன் போட்டால் போதும், உங்களைக் கவனிச்சுக்கொள்ளுவினம் என்றேன்.

பக்தியார் எர்லானைப் பார்த்தான். எர்லான்தான் பதில் சொன்னான்.

“வேண்டாம் அகா. இந்த முறை எங்களைக் கவனிக்காத ஒருவரின் வீடாகப் பார்த்து எடுத்திருக்கிறோம்.”